அடைகாக்கிற பாட்டு

ஒரே ஒரு காட்டுக்குள்ளே ஒரே ஒரு நூலகம் இருந்ததாம். ஆமைதான் அதற்குப் பொறுப்பு. பேராசிரியர் யானை காலமானதும் அவருடைய பெட்டி அங்கே வந்தது. அதிலிருந்த ஓலை எல்லாவற்றிலும் ஆமை யானையின் பெயரையே எழுதி ஒட்டியது. யார் பெட்டியோ அவர் எழுத்து, அதுதான் அங்கே வழக்கம்.

ஒருநாள் ஒரு கௌதாரி வந்தது.

"ஐயா, இந்த அடைகாக்கிற பாட்டு எங்கம்மா எழுதினது. படிச்சுப் பாருங்கன்னு யானை ஐயாகிட்ட கொடுத்திருந்தா. இப்ப அவளும் இல்ல. அவ பேரைப் போட்டுடுங்க."

"அம்மா பேர்ல பெட்டி ஏதாவது வந்திருக்கா?"

"எங்களுக்கு ஏதுங்க பெட்டி?"

"அப்புறம் எப்படிம்மா?"

"யானை எந்தக் காலத்துல ஐயா முட்டை போட்டுச்சு? வயித்துச் சூடு, பாம்பு பயம், எல்லாம் அதுல இருக்கே!"

"அதான்மா ஐயாவோட கற்பனை!"

கௌதாரி ஓலையைப் பார்க்காமலே முழுப் பாட்டையும் பாடிக் காட்டியது.

ஆமை உருகிப்போனது. "அடடா! ஐயா பாட்டை இவ்வளவு அழகா யாரும் பாடினதில்ல. அவர் நினைவு விழாவுக்கு நீயே வந்து பாடிடும்மா."

கௌதாரி புதருக்குள் நடந்து போய்விட்டது.