மாமியாருக்கு ஒரு சாட்சி

குணநாயகம் விடிந்ததும் எழுந்தான். முகம் கழுவினான். மாமியார் கொடுத்த தேநீரைக் குடித்தான்.

வாசலில் மைத்துனன் தவராசா தாயின் உடுப்பு மூட்டையோடு நின்றான். அவளைக் கூட்டிப்போக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தான்.

“வெளிக்கிடுங்கோ அம்மா. பஸ் வரப்போகுது.”

“நான் வரேல்லை.”

“அக்காவும் செத்துப்போனா. பிள்ளையும் இல்லை. அத்தான் இளம் ஆள், இன்னொரு கலியாணம் கட்டவேணும். முதல் மாமியார் குசினி அடுப்படியில இருந்தா ஆர் பொம்பிளை குடுப்பினம்?”

“உன்ர அக்கா சாகேக்குள்ள என்ன சொன்னவள்? ‘அம்மா, இவரைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ’ எண்டெல்லே சொன்னவள். நான் அதை மீறமாட்டன்.”

தவராசா நம்பாமல் திரும்பினான். “அத்தான், நீங்களும் பக்கத்தில இருந்தனீங்கள்தானே. அக்கா அப்பிடிச் சொன்னவாவோ?”

மாமியார் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம், சொன்னவ” என்றான் குணநாயகம்.

தவராசா மூட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போனான்.

அவன் மனைவி இரஞ்சிதம் அப்படிச் சொல்லவேயில்லை. தைப்பொங்கல் விடுமுறைக்கு இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க, அவளும் அவனும் மாமியாரும் உழவு இயந்திரப் பெட்டியில் போனார்கள். பெட்டி பள்ளத்தில் இறங்கியபோது அவள் தூக்கி எறியப்பட்டாள். பிறகு பேசவில்லை. அதற்குச் சற்று முன், அவர்கள் இருவருக்கும் நடுவிலிருந்து எழுந்து நின்று அவள் அவனைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

“தண்ணி பாயிற சத்தம் கேக்குது. இஞ்சேருங்கோ, எழும்புங்கோ, சேர்ந்து பாப்பம்.”