நாலாபக்கமும் பார்க்கும் கார்கள்

ஓசூர் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த மெர்லினுக்கு ஃபோன் வந்தது. அடி தாங்காமல் அவள் விட்டுவந்த கணவன் ஜெபசிங் பேசினான்.

"ஏட்டி, ரோட்டுல போற காரெல்லாம் நாலாபக்கமும் படம் புடிக்குல்லா? பொண்டாட்டியக் காணலன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். பன்னெண்டு கார் உன்னைக் காட்டிக் குடுத்துட்டு. வாசல்லதான் நிக்கேன்."

போன மாதம் அவளை பைக்கில் இடித்துவிட்டு ஓடியவனைப் பிடித்துக் கொடுத்ததும் அந்தக் கேமராக்கள்தான். அவற்றின் முன்னால் அடிக்கமாட்டான் என்று நம்பி, பின்வாசல் வழியாக ஓடி, சிக்னலில் நின்ற கார்களுக்கு நடுவே புகுந்தாள்.

அவன் நிதானமாக நெருங்கினான். "காப்பாத்துங்க!" என்று அலறிக்கொண்டே கண்ணாடிகளைத் தட்டினாள்.

ஆட்களை ஆபீசில் இறக்கிவிட்டுத் தாமாகவே வீடு திரும்பும் கார்கள் அவை. எல்லாம் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. இறங்கி வர ஒன்றிலும் ஆள் இல்லை.