நாலு சுவரிலும் கண்ணாடி

"இங்கேயும் கண்ணாடி இல்லை. வேண்டாம் டாக்டர்."

ஓய்வுபெற்ற கப்பல் கேப்டனின் மனைவி இப்படிச் சொன்னதும் பல் டாக்டர் பட்டியலில் நான்காவது இடத்தையும் கோடு போட்டு அடித்தார். டாக்டர்தான் பால்ரூம் என்கிற மேல்நாட்டு ஜோடி நடனச் சங்கத்தின் செயலாளர். பன்னிரண்டு ஜோடிகள் இருபத்தாறு வருடமாக ஞாயிறுதோறும் ஆடிய, சுவரெல்லாம் கண்ணாடி பதித்த கூடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் சங்கத்தையே மூட வேண்டியதுதான்.

இன்று பார்த்த கூடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்தரை, பெரிய ஜன்னல்கள், நடுவில் தூண் கிடையாது. கேப்டன் வழக்கம்போல் மனைவியைக் கைகோத்து அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு முறை கைதட்டி எதிரொலியைக் கேட்டார். காலால் தரையைத் தட்டினார்.

"நல்ல விசாலம். எனக்குப் பிடிச்சிருக்கு. இவளுக்குத்தான் எழுபது வயசுல கண்ணாடி கேக்குது. நான் என்ன பண்ணட்டும் டாக்டரே?"

அந்த அம்மாள் முதுகை வளைக்காமல் நின்றார். சிரித்துக்கொண்டார்.

இது என்ன ஆட்டம் என்று கூடத்தின் வாட்ச்மேன் கேட்டார். சங்கத்தைத் தொடங்கியவராயிற்றே, கேப்டன் உற்சாகமாகிவிட்டார்.

"ஆம்பளை முன்னால பாத்து நடப்பான். பொம்பளை அவனைப் பாத்தபடி பின்பக்கமாப் போவா. யார் மேலயும் இடிக்காம கொண்டுபோறது ஆம்பளை பொறுப்பு. கப்பல் ஓட்டற மாதிரிதான்."

முப்பத்தைந்து வருடம் கப்பல் ஓட்டியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாட்ச்மேன் ஒப்புக்கொண்டார். தன் வீட்டில் மட்டும் ஓட்டுவது சம்சாரம்தான் என்றார்.

திரும்பும்போது காரை ஓட்டியதும் அந்த அம்மாள்தான். கேப்டன் என்பவர் உத்தரவு போட்டால் போதும், சக்கரத்தைப் பிடிக்க வேண்டியதில்லை என்று கேப்டன் பக்கத்து இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலை உறுப்பினர்கள் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவியின் அலங்கார ஆசைக்காகப் பதினோரு ஜோடிகள் தெருவில் நிற்பதா என்று கேட்டார்கள். அவ்வளவு ஆசையென்றால் வீட்டு பீரோ முன்னால் ஆடட்டுமே என்றாள் டாக்டரின் மனைவி. நான்காவது இடத்தையே முடித்துவிடுவோம், பெரியவர்கள் வந்தால் வரட்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

டாக்டர் தயங்கித் தயங்கி அந்த அம்மாளுக்கு போன் செய்தார். தீர்மானத்தைச் சொன்னார்.

"அப்ப நாங்க வரலை. எனக்கு மூட்டு வலின்னு அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"கண்ணாடி இல்லாட்டி என்னம்மா குறைஞ்சிடும்?"

"டாக்டர், வாரத்துல அந்த ஒரு சாயங்காலம்தான் அவர் கேப்டனா இருக்கார். மத்த நாளெல்லாம் வெறும் நாற்காலிதான். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

டாக்டருக்குக் கோபம்தான் வந்தது. புருஷனுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தும் கண்ணாடிக்காகப் பிடிவாதம் பிடிப்பதா? ஆனால் தனக்கு முதல் அடி எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தவர் கேப்டன். அவரை விட்டுவிட்டு ஆட மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒரு வாரம் தேட எல்லோரிடமும் கெஞ்சி அவகாசம் வாங்கினார்.

ஐந்தாம் நாள், பல் பிடுங்க வந்து அவர் முன் படுத்திருந்த ஜவுளிக்கடைக்காரர், ஊசி போட்ட வாய் மரத்துப்போவதற்குள் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையைக் கீழ்த்தளத்துக்குச் சுருக்கிவிட்டாராம். மாடி காலியாகவே கிடக்கிறதாம்.

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "மாடியில கண்ணாடி இருக்கா?"

துணி உடுத்திப் பார்க்கிற இடமாயிற்றே. நாலு சுவரிலும் இருக்கிறது என்று நாலு விரலைக் காட்டினார் கடைக்காரர்.

தரை சுமார்தான். இடமும் கொஞ்சம் நெருக்கம். ஆனாலும் அடுத்த ஞாயிறு சங்கம் அங்கே கூடியது. முதல் வால்ட்ஸ் நடனம் தொடங்கியது. கேப்டனும் மனைவியும் அத்தனை நெரிசலிலும் ஒருவர் தோளையும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனார்கள். சுற்றி முடிக்கும்வரை அந்த அம்மாளின் பார்வை கேப்டனின் தோளைத் தாண்டிக் கண்ணாடியிலேயே இருந்தது.

"பாத்தீங்களா, கண்ணெடுக்காம ரசிக்கறதை?" என்று டாக்டரின் மனைவி கணவர் விலாவில் இடித்தாள்.

அடுத்த ஆட்டம் சம்பிரதாயப்படி செயலாளர் நிறுவனரின் மனைவியோடு ஆட வேண்டியது. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தனக்கு ஒரு கப்பல் போதும் என்று சொல்லி, மற்றப் பெண்களோடு ஆடுவதை அவர் நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

டாக்டர் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். ஒரு சுவர் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றும் நான்கும் போயின. அந்த அம்மாள் நிம்மதியாக டாக்டரின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக அடி வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "நாலு இடத்தை வேண்டாம்னு சொல்லிப் பிடிச்ச கண்ணாடி. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையேம்மா?"

அந்த அம்மாள் கேப்டன் உட்கார்ந்திருந்த தூரத்தை அளந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களோட ஆடறப்ப எனக்கு எதுக்குத் தம்பி கண்ணாடி? உங்களுக்குத்தான் கண்ணு தெரியுதே."