குப்பை என்றார் க்வாஸ்ட்

"காபி ஆறிப்போச்சு, ஹெர் ரேபைன். ஒரு வாய்கூடக் குடிக்கலையே?"

ஃபால்கோ ரேபைன் கோப்பையை எடுத்தார். குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டார்.

ஊர் அருங்காட்சியகத்தின் பின்னறை அது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதை நடத்தும் ஓஸ்டர்லோ அம்மையார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் நடுவே ஒரு துணியின்மேல் பதக்கம் கிடந்தது. 1870ஆம் ஆண்டுப் போரில் ஜெர்மன் வீரர்களுக்குக் கொடுத்த இரும்புச் சிலுவை.

"நீங்க திருடினீங்கன்னு நான் சொல்லலை. எங்க கண்ணாடிப் பெட்டியில இருந்த சிலுவை காணாமப் போச்சு. கொஞ்ச நாள்லயே உங்க வீட்டுல அதே மாதிரி ஒண்ணு இருக்குன்னு உங்க சேகரிப்பாளர் சங்கத்து ஆளே வந்து சொல்றார். நான் என்ன பண்ணட்டும்?"

"இது நகல். பழைய சாமான் சந்தையில வாங்கினது. எத்தனை தடவை சொல்றது?"

"நகல்னா மன்னிப்புக் கேட்டு, நானே கேக் செஞ்சு தர்றேன். அசல்னா போலீஸுக்கு போன் போடுவேன். அவ்வளவுதான்."

நகல் இல்லை என்பது ஃபால்கோவுக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றியவரே அவர்தான்.

காஸல் நகரிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் க்வாஸ்ட் உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். ஒரு சிறு காந்தத்தைச் சிலுவையின் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஒட்டுதே!" என்றார் அம்மையார்.

"நடுவுல இரும்பு. அதனால என்ன? போலி செய்யறவனுக்கு இரும்பு கிடைக்காதா?" என்றார் க்வாஸ்ட்.

க்வாஸ்ட் சிலுவையின் விளிம்பை நகத்தால் வருடினார். வெள்ளிச் சட்டத்தின் இரண்டு பாதிகளும் சேரும் இடம் அது. கூர்ந்து பார்ப்பவனுக்கு அசலா நகலா என்பது அங்கே தெரிந்துவிடும். க்வாஸ்ட் நெடுநேரம் பார்த்தார். ஃபால்கோ தன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு க்வாஸ்ட் அறை விளக்கை அணைத்துவிட்டு, கையடக்கமான புற ஊதா விளக்கைப் பதக்கத்தில் கட்டியிருந்த நாடாவின்மேல் அடித்தார். நாடா நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்தது.

"புது நூல். பழைய பருத்தி இப்படி மின்னாது."

அறை விளக்கைப் போட்டார். சிலுவையை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"நகல்."

ஃபால்கோவுக்கு மூச்சு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க, ஹெர் ரேபைன். எனக்கே வெட்கமா இருக்கு," என்றார் ஓஸ்டர்லோ அம்மையார்.

"பரவாயில்ல. யாருக்கும் சந்தேகம் வரும்." சிலுவையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனால் போதும்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" க்வாஸ்ட் உருப்பெருக்கியைத் துடைத்தபடி கேட்டார். "நீங்க ரொம்ப வருஷமா சேகரிக்கிறவராமே? இதையா வெல்வெட்டுல வெச்சு வர்றவங்களுக்கெல்லாம் காட்டினீங்க?"

"ஆமா... ஏமாந்துட்டேன்."

"ஏமாறலாம். அதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அந்தச் சட்டம் வெள்ளியே இல்ல. ஈயம். அதுல பொறிச்சிருக்கிற கிரீடத்தைப் பார்த்தீங்களா? பன் ரொட்டியை நசுக்கி வெச்ச மாதிரி இருக்கு."

அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஃபால்கோவின் காதுகள் சூடாயின. கைப்பிடியைப் பற்றினார். திருகினால் வெளியே தெரு.

"கார்னிவல்ல வேஷம் கட்டுற பசங்க சட்டையில குத்திக்கிட்டுத் திரிவாங்களே, அந்தக் குப்பை," என்றார் க்வாஸ்ட்.

"எங்க சிலுவை எவ்வளவு அழகு!" என்று பெருமூச்சு விட்டார் அம்மையார். "நான் அதை எப்படிப் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தேன்! இதை அதோட போய்ச் சேர்த்துப் பேசினேனே."

ஃபால்கோ திரும்பினார்.

"பார்த்துப் பார்த்து வெச்சீங்களா? நீங்களா? சிலுவையோட முதுகு பூராவும் பசை, ஃப்ராவ் ஓஸ்டர்லோ! அட்டையில பசை போட்டு ஒட்டி வெச்சிருந்தீங்க! ஜன்னல் வெயில்ல காஞ்சு நாடா நார்நாராப் போயிருந்துச்சு. அதனாலதான் வேற நாடா போட்டேன். அந்தப் பசையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஞ்சும் பல்குச்சியுமா உக்காந்து, ஒரு கீறல் விழாம... ஈயமாம், ஈயம்! வெள்ளிய்யா இது! சுத்தமான வெள்ளி!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

அம்மையாரின் முகம் சிவந்திருந்தது. "பசை போட்டது எனக்கு மட்டும்தானே தெரியும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

ஃபால்கோ க்வாஸ்டைப் பார்த்தார். "நகல்னு... நீங்கதானே சொன்னீங்க?"

"கையில எடுத்ததுமே அசல்னு தெரிஞ்சுபோச்சு, ஹெர் ரேபைன்," என்றார் க்வாஸ்ட், காந்தத்தைப் பைக்குள் வைத்தபடி. "ஆனா இந்த மாதிரி அசல் நாட்டுல ஆயிரக்கணக்குல இருக்கு; இது எந்தப் பெட்டியில இருந்து வந்ததுன்னு சொல்லக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான்."