காகிதத் தலையின் எடை

காகிதச் சிற்ப வகுப்பில் நான் செய்த முதல் உருவம் என் கணவரின் தலை. ஊதிய பலூன் மேல் செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து, பசை தடவி, எட்டு அடுக்கு ஒட்டினேன். மூக்கு அப்படியே அவருடையது.

"வீட்டுல தினமும் எடை போட்டுப் பாருங்கக்கா. காயக் காய எடை குறையும். குறையறது நின்னுட்டா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம்," என்றாள், என் வயதில் பாதிகூட இல்லாத ஆசிரியை.

சமையலறைத் தராசில் முதல் நாள் நானூறு கிராம் இருந்தது. மறுநாள் ஒரு கிலோ. மூன்றாம் நாள் இரண்டரை. தட்டிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த வெறும் கூடுதான்.

"பேப்பர் ஒட்டக் கத்துக்கறாளாம். உனக்கெல்லாம் எதுக்குடி இது?" என்றார் அவர், பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டே. அந்த வாரத்தில் அது மூன்றாவது ஓட்டை.

பாட்டு கற்கப் போனபோதும், வேலை கிடைத்தபோதும் இதே கேள்விதான். இரண்டையும் விட்டேன்.

ஐந்தாம் நாள் தராசின் முள் கடைசி எண்ணில் முட்டி நின்றது. ஏழாம் நாள் தலையை மேசையிலிருந்து அசைக்கவே முடியவில்லை.

அன்று காலை அவர் படுக்கையைவிட்டு எழவில்லை. விரிப்பை மாற்ற அவரை ஒரு கையால் புரட்டினேன். காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது.

"ஃபேனைக் கொறைடி. ஆளையே தள்ளுது."

"சரிங்க."

இரண்டு ஜன்னல்களையும் நன்றாகத் திறந்துவைத்தேன். ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினேன்.