பென்சில் விலை

முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்த செப்டம்பர் வெயில் மேசைமேல் காசு காசாகச் சிதறிக் கிடக்கிறது. தீவில் அறைகள் வாடகைக்கு விடும் ஸ்டமாத்தியா, மேசைமேல் விரித்த காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் அறுபது என்று எழுதுகிறாள். எழுதிய பிறகுதான் உறைக்கிறது. ஓர் இரவுக்கு நியாயமான விலை நாற்பது யூரோதான். இருபது வருஷமாக, செப்டம்பர்தோறும் கணவரோடு வந்து தங்கும் லிபூஷா பேசிக் குறைக்கட்டும் என்றே கூட்டி எழுதிப் பழகிய கை. லிபூஷா பென்சிலைப் பிடுங்கி அறுபதை அடிப்பாள். "கார்டு இல்ல, ரொக்கம்" என்று கைப்பையைத் தட்டுவாள். அவள் கணவர் வ்ராட்டா காது சிவக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மார்ச்சில் அவள் இறந்துவிட்டாள். இந்தத் தடவை பிராகிலிருந்து அவர் மட்டும் வந்திருக்கிறார். "சரிங்க, அறுபது," என்று பணம் வைத்த உறையைப் பிரிக்கிறார். காற்றில் காகிதத்தின் நுனி படபடக்கிறது. "ஒரு வார்த்தை கேக்காம ஒத்துக்கிட்டா எப்படிங்க?" ஸ்டமாத்தியாவின் குரலில் கோபமே எட்டிப் பார்க்கிறது. "எனக்கு அதெல்லாம் வராது. அவதான் பேசுவா." ஸ்டமாத்தியாவே அறுபதை அடித்து ஐம்பது என்று எழுதுகிறாள். அதற்கும் தலையாட்டுகிறார். "ரொக்கமா குடுத்தா நாப்பது. அதுக்குமேல குறைக்க முடியாது." அவர் இரண்டு தாள்களை எடுக்கிறார், பிறகு மறுபடி உறைக்குள் வைக்கிறார். காது மெல்லச் சிவக்கிறது. "நாப்பதுக்கு அவ ஒத்துக்க மாட்டாளே," என்கிறார் கடலைப் பார்த்தபடி. ஸ்டமாத்தியா பென்சிலை அவர் பக்கமாக உருட்டிவிடுகிறாள்.