குளிப்பாட்டியவரிடம் கேட்பது

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், புற்றுநோயாளிகளின் குடும்ப நோய் வரலாற்றைச் சேகரிப்பது என் வேலை. நம் குடும்பங்களில் பெண்கள் எல்லாரும் வயிற்று வலியில்தான் இறந்ததாகச் சொல்வார்கள். அதனால், கடைசி நாட்களில் குளிப்பாட்டியது யார் என்று கேட்பேன். அவருக்குத்தான் உடம்பு தெரியும். என் முறை இதுவரை பொய்த்ததில்லை.

மார்பகப் புற்றுநோயோடு வந்த கண்ணம்மாவும், "அம்மா வயித்து வலியில போய்ட்டாங்க லா மிஸ்," என்றார். குளிப்பாட்டியது கேரி தீவிலிருக்கும் பெரியம்மாவாம். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் யாரோ குளிக்கும் சத்தம் கேட்டது.

"மார்புல கட்டிம்மா, கல்லு மாதிரி. யார்கிட்டயும் சொல்லாதக்கான்னு தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா."

அதை வைத்து, கண்ணம்மாவின் மகள் தர்ஷினியையும் பரிசோதித்தோம். கடுகளவில் இருந்தபோதே கட்டி அகப்பட்டது. இன்று அவள் நலம். சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

நன்றி சொல்லப் பெரியம்மாவை மறுபடி அழைத்தேன். அதே தண்ணீர்ச் சத்தம்.

"வீட்ல யாரும்மா குளிக்கிறாங்க?"

"யாரு இருக்கா? நான் தனியாத்தானே இருக்கேன்."

தர்ஷினி பிழைத்துவிட்டாள் என்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"போதும்க்கா," என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "துண்டு குடு."